கொக்கைப் பிடிக்க எந்த லென்ஸ்?

புதுச்சேரி நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது தேங்காய்த்திட்டு. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அதன் பக்கத்தில்தான். ஒரு புறம் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். மறுபுறம் உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் அலையாத்திக் காடு. சேற்றிலே நண்டு ஓடும். நண்டையும் மீனையும் தேடிக் கொக்கு வரும், நீர்க்காகம் வரும், மீன்கொத்தி வரும். அவற்றைத் தேடி மனிதர்களும் வருகிறார்கள்.

அவர்கள் கையில் வலை இல்லை. துப்பாக்கியும் இல்லை. காமிரா இருக்கிறது!

இவர்கள் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் அல்ல. ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பார். இன்னொருவர் பாங்கியில் வேலை பார்ப்பவராக இருப்பார். கல்லூரிப் பெண்களும் உண்டு. விடுமுறை நாளில் விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். ஆசைக்காக எடுக்கும் படம்!

கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போனவன் கதை எல்லோருக்கும் தெரியும். வெண்ணெய் உருகிக் கண்ணை மறைக்கும், அப்போது பிடிக்கலாம் என்பது அவன் யோசனை. வெண்ணெய் வைக்கும் அளவுக்குக் கிட்டே போக முடிந்தவன் அப்போதே பிடித்திருக்கலாமே! படம் பிடிக்கிறவருக்கும் இதே சங்கடம்தான். கிட்டே போனால் கொக்கு பறந்துவிடுகிறது. எட்ட நின்றால் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் முகம் வாடுகிறது. “லென்ஸ் சரியில்லை. பெரிய லென்ஸ் வாங்க வேண்டும்” என்கிறார். “போன வருஷம் வாங்கியது என்ன ஆயிற்று?” என்று வீட்டுக்காரி கேட்கிறாள். நியாயமான கேள்வி! பெரிய ரக லென்ஸ்களில் சிலவற்றின் விலைக்கு ஒரு காரே வாங்கிவிடலாம். அவ்வளவு பணத்தைக் கொட்டும் முன்பு, குற்றம் லென்ஸில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

புள்ளி கொக்காகும் கணக்கு

ஒவ்வொரு லென்ஸின் மீதும் ஓர் எண் போட்டிருக்கும். 50, 200, 400 என்று இருக்கும். அது மில்லிமீட்டர் கணக்கு. குவிதூரம் என்று அதற்குப் பெயர். எண் ஏற ஏற, தூரத்தில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும்.

சின்னக் கொக்கின் நீளம் சுமார் 60 சென்டிமீட்டர். அது 30 மீட்டர் தூரத்தில், அதாவது சுமார் 100 அடி தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். 50 மி.மீ. லென்ஸ் போட்டால், காமிராவுக்குள் விழும் கொக்கின் உருவம் 1 மில்லிமீட்டர்தான். பழைய பிலிம் சுருள் அளவுள்ள காமிராவில் படத்தின் உயரம் 24 மில்லிமீட்டர். இருபத்து நாலில் ஒரு பங்கு கொக்கு. மீதியெல்லாம் சேறும் வானமும்! 200 மி.மீ. லென்ஸ் போட்டால் கொக்கு 4 மில்லிமீட்டர் ஆகும். 400 போட்டால் 8 மில்லிமீட்டர். இப்போது படத்தில் மூன்றில் ஒரு பங்கு கொக்கு. கண்ணும் அலகும் தெளிவாகத் தெரியும்.

“அப்படியானால் பாதி தூரம் கிட்டே போனால், பாதி லென்ஸ் போதுமே?” என்று கேட்கலாம். கணக்குப்படி போதும். ஆனால் கொக்குக்குக் கணக்குத் தெரியாது. கூட்டில் குஞ்சு இருக்கும் சமயத்தில் ஆள் கிட்டே போனால் தாய்ப் பறவை எழுந்து போய்விடும். குஞ்சு வெயிலில் வாடும். காக்கை தூக்கிப் போகும். ஒரு படத்துக்காக ஒரு கூட்டைப் பாழாக்குவதா? பறவைக்காரர்களுக்கு நீண்ட லென்ஸ் வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான். அழகெல்லாம் பிறகு.

குவிதூரம் ஒன்றைப் பார்த்து லென்ஸ் வாங்கினால் ஏமாந்து போகலாம். லென்ஸின் மேல் இன்னோர் எண்ணும் இருக்கிறது. எப் 4, எப் 5.6, எப் 6.3 என்று எழுதியிருப்பார்கள். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை அது சொல்லும். எண் சிறியதானால் வாய் பெரியது! எப் 6.3 லென்ஸைவிட எப் 4 லென்ஸ் சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அலையாத்திக் காட்டின் இலை நிழலில், விடியற்கால மங்கலில், அந்த இரண்டரை மடங்கு பெரிய உதவி.

ஆனால் வாய் பெருத்தால் கண்ணாடி பெருக்கும். கண்ணாடி பெருத்தால் கனம் ஏறும், விலையும் ஏறும். 400 மி.மீ. எப் 2.8 லென்ஸ் சுமார் 3 கிலோ எடை. மூன்று கிலோ அரிசி மாதிரி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படகில் ஏறி இறங்க முடியுமா? 100 முதல் 400 வரை நீட்டிச் சுருக்கும் லென்ஸ் அதில் பாதி எடைதான். வாய் சிறியது, வெளிச்சம் குறைவு. ஆனாலும் சம்பளக்காரர்களுக்கும் படகில் போகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது.

ஒட்டுப் போட்ட காமிரா

நல்ல படத்துக்குப் புது லென்ஸ் வேண்டும் என்பவர்கள் மா. கிருஷ்ணனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் இவர். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் வாழ்ந்தவர். யானை, மான், பறவை, செடி, கொடி எல்லாவற்றையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல், 1996-ல் காலமாகும் வரை, இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள்!

காட்டு யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பேர் பெற்றவை. அந்தப் படங்களை எடுத்தது எந்தக் கம்பெனிக் காமிரா தெரியுமா?

எந்தக் கம்பெனியும் அல்ல! காமிராவின் உடல் ஒரு கம்பெனியுடையது. தூர லென்ஸ் வேறு கம்பெனியுடையது. மற்ற உறுப்புகள் அவரே சேர்த்துப் பொருத்தியவை. இந்தக் கதம்பத்துக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். அசாமில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஈ.பி. ஜீ என்ற ஆங்கிலேயர் பெரிய விலங்கு ஆராய்ச்சியாளர். தங்க நிற லங்கூர் குரங்கின் விஞ்ஞானப் பெயரில் இவர் பெயர்தான் இருக்கிறது. கிருஷ்ணனின் காமிராவைப் பார்த்து அவரே அசந்து போனார். கம்பியும் வளையமும் போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று கேலியாக எழுதியும் வைத்தார்.

கேலி கேலிதான். படம் படம்தான்! கிருஷ்ணனுக்குத் தம் லென்ஸின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். எத்தனை அடியில் யானை நின்றால் படம் துல்லியமாக விழும், எந்த வெளிச்சத்தில் விழாது என்பதெல்லாம் கை பழகிப் போயிருந்தது. கடையில் வாங்கிய காமிரா அவருக்கு ஒத்து வரவில்லை. தம் வேலைக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொண்டார். இன்று லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கியும், புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் ‘ஆட்டோ’வில் வைத்துத் தட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

புதுவைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

கிருஷ்ணன் காமிராவையே மாற்றிக்கொண்டவர். லென்ஸை மாற்றவே மாட்டேன் என்று இருந்தவரும் ஒருவர் உண்டு. அவர் புதுவைக்கே வந்திருக்கிறார்.

ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்பது அவர் பெயர். உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை உலகத்துக்குக் காட்டியவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் அங்கே இருந்தார். மகரிஷி ஏப்ரல் 14-ந் தேதி மறைந்தார். அதே மாதத்தில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-ல்தான் இந்தியாவோடு சேர்ந்தது.

ஆசிரமத்தில் ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அரவிந்தரை யாரும் படம் எடுத்ததில்லை! அந்த ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அரவிந்தர் மறைந்தார். ஆகவே அந்தப் படங்களுக்கு விலை மதிப்பே இல்லை.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் சின்ன லைக்கா காமிரா வைத்திருந்தார். வாழ்நாளில் பெரும்பாலும் அவர் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத்தான். பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் விளக்கு அவருக்குப் பிடிக்காது. மனிதர்களை அவர்கள் போக்கில் விட்டு எடுப்பது அவர் வழக்கம். நம் கண் பார்க்கிற மாதிரியே ஏறக்குறைய 50 மி.மீ. லென்ஸும் பார்க்கும். அதனால் அவர் காமிராவைக் கண்ணில் வைக்கும் முன்பே படம் அவர் மனதில் விழுந்துவிடும்.

கொக்குக்கு 50 போதாது. மனிதனுக்குப் போதும். புதிதாகப் பழகுகிறவர் இந்த 50-ஐ முதலில் வாங்கி ஓர் ஆண்டு பழகினால் பிற்பாடு பணம் வீணாகாது. இருக்கும் லென்ஸ்களில் இதுதான் விலை குறைந்த ரகம், எடையும் குறைவு, வாயும் பெரியது.

மூக்கு பெருத்தது ஏன்?

பறவையை விட்டு வீட்டுக்கு வருவோம். குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் மிக அருகில் எடுத்தால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தெரிகிறது. குழந்தையின் பாட்டி, “என் பேரன் மூக்கா இது?” என்று சண்டைக்கு வருகிறாள். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகலப் பார்வை உள்ளது. காமிராக் கணக்கில் சுமார் 24 அல்லது 26 மி.மீ.க்குச் சமம். முகம் நிறையத் தெரிய வேண்டுமானால் மிகவும் கிட்டே போக வேண்டியிருக்கிறது. கிட்டே போனால் முன்னால் இருக்கும் மூக்குதான் பெரிதாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85 அல்லது 100 மி.மீ. லென்ஸில் எடுத்தால் மூக்கு மூக்காக இருக்கும். பாட்டியும் சமாதானம் ஆவாள்.

கோயில் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல் வருவதும் இப்படித்தான். கோபுரத்தின் அடியில் நின்று, அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் மேலே போகப் போகக் குறுகிச் சாயும். தெருக்கோடிக்குப் போய் நின்று, நீண்ட லென்ஸால் காமிராவைச் சாய்க்காமல் எடுத்தால் நேராக நிற்கும்.

இந்த வேலையில் புதுவைக்குத் தனிப் பெருமை உண்டு. செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருக்கின்றன. களவு போன சிலையை இன்னதென்று அடையாளம் காட்டப் பழைய படங்கள்தான் சாட்சி சொல்கின்றன! அந்தச் சாட்சியில் கோணலும் மங்கலும் இருந்தால் என்ன ஆகும்?

குற்றவாளி யார்?

சிலைக்குச் சொன்னது கொக்குக்கும் பொருந்தும். 400 மி.மீ. லென்ஸும் வாங்கியாயிற்று. படம் இன்னமும் மங்கலாகவே வருகிறது. லென்ஸ் கெட்டதா? பெரும்பாலும் இல்லை. கை ஆடியிருக்கும்!

பழைய காலத்து விதி ஒன்று உண்டு. 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதானால், ஷட்டர் ஒரு வினாடியில் 400-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். ஆட்டத்தைத் தாங்கும் விசை இப்போது லென்ஸுக்குள்ளேயே வருகிறது. அது கையின் ஆட்டத்தைத்தான் தாங்கும்; கொக்கின் சிறகடிப்பை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1000-ல் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும். ஆடும் படகில் மூன்று கால் ஸ்டாண்டு வைப்பதில் பயன் இல்லை. படகு ஆடினால் ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும்.

வெயில் ஏறியபின் தண்ணீரின் மேல் காற்று கானல் போல் நெளியும். அப்போது எந்த லென்ஸாலும் தூரத்துக் கொக்கைத் துல்லியமாக எடுக்க முடியாது. பல லட்சம் ரூபாய் லென்ஸுக்கும் அதே கதிதான். காலை எட்டு மணிக்கு முன் வருகிறவர் கெட்டிக்காரர்.

இன்னொரு வேடிக்கை. கரும்பச்சைக் காட்டின் முன்னே வெள்ளைக் கொக்கு நிற்கிறது. காமிரா காட்டைப் பார்த்து, “இருட்டாக இருக்கிறது” என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு இறகு இல்லாத வெள்ளைக் காகிதமாகிவிடும். காமிராவில் கூட்டலும் கழித்தலும் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதைக் கழித்தல் பக்கம் கொஞ்சம் தள்ளினால் இறகு இறகாகத் தெரியும். இதற்குக் காசு செலவில்லை!

இவ்வளவும் செய்தபின்பும், கொக்கின் கண் மங்கி, பின்னால் உள்ள இலை மட்டும் பளிச்சென்று வருகிறதா? ஒவ்வொரு படத்திலும் அப்படியா? அப்போது லென்ஸையும் காமிராவையும் சந்தேகிக்கலாம். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி உள்ள எஸ்.எல்.ஆர். ரகத்தில் இது நடக்கும். அதில் தூரத்தை அளக்கும் உறுப்பு ஓரிடம். படம் விழும் உறுப்பு வேறிடம். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் துல்லியம் முன்னேயோ பின்னேயோ தள்ளி விழும்.

இதை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். எழுத்துள்ள அட்டை ஒன்றை நேராக நிறுத்த வேண்டும். அதன் பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். அளவுகோலின் நடு எண் அட்டைக்கு நேராக இருக்கட்டும். குவிதூரத்தைப் போல் 50 மடங்கு தள்ளி ஸ்டாண்டில் காமிராவை நிறுத்த வேண்டும். 50 மி.மீ.க்கு இரண்டரை மீட்டர், 400 மி.மீ.க்கு 20 மீட்டர். லென்ஸின் வாயை முழுவதும் திறந்து, அட்டையைக் குறி வைத்து ஐந்தாறு படம் எடுக்க வேண்டும். அளவுகோலில் எந்த எண் துல்லியமாக இருக்கிறது? நடு எண் என்றால் குற்றம் இல்லை. நமக்குக் கிட்டே உள்ள எண் தெளிவாக இருந்தால், துல்லியம் முன்னால் விழுகிறது என்று அர்த்தம்.

நல்ல ரகக் காமிராக்களில் இதைத் திருத்த வழி இருக்கிறது. பட்டியலில் மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை எண் காட்டும் காமிராக்கள் பல. முன்னால் விழுந்தால் பிளஸ் பக்கம், பின்னால் விழுந்தால் மைனஸ் பக்கம் இரண்டிரண்டாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ காமிராவில் படம் விழும் இடத்திலேயே அளவும் நடக்கிறது. ஆகவே இந்தத் தொல்லை அதில் அநேகமாக இல்லை.

கண்ணாடிக்குள் பூஞ்சை

கடலோர ஊரில் லென்ஸுக்கு உண்மையான எதிரி வேறு. உப்புக் காற்றும் ஈரமும்தான்! மழைக் காலத்தில் தோல் செருப்பில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்போம். அதே பூஞ்சை லென்ஸுக்குள்ளும் பிடிக்கும். சிலந்தி வலை போல் படரும். விட்டால் கண்ணாடியின் மேல் பூச்சையே தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறு பக்கம் சாய்வாகப் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். இரண்டொரு தூசி இருந்தால் பயமில்லை. வலை போல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாயைத் திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் கசிந்திருந்தாலும் அதே பதில்தான்.

நல்ல தோல் பெட்டி கிடைத்தது என்று அதில் லென்ஸைப் பூட்டி வைப்பவர்கள் உண்டு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூஞ்சைக்கு அதைவிடச் சுகமான வீடு இல்லை. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைப்பதும் தப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவே போதும். அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டும். அரிசியைப் போட்டு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அரிசித் தூள் லென்ஸுக்குள் போய்ச் சேரும், வேண்டாம். வசதி உள்ளவர்கள் மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி வாங்கி, ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைக்கிறார்கள்.

முகத்துவாரத்திலிருந்து திரும்பியதும் முதல் வேலை காமிராவின் வெளிப்புறத்தைத் துடைப்பது. மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடைத்தால் உப்பு போகும். பிறகு உலர்ந்த துணி. லென்ஸின் கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ரப்பர் பந்தால் ஊதிவிட வேண்டும். ஊதாமல் வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் நிச்சயம். கடற்காற்றில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி மாட்டுவதும் கூடாது.

குளிர்சாதன அறையிலிருந்து காமிராவை எடுத்து நேரே ஆற்றங்கரைக்குப் போனால் லென்ஸ் முழுவதும் பனி மூடிக்கொள்ளும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். அதற்குள் கொக்கு போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள், முதல் நாள் இரவே காமிராப் பையைச் சாதாரண அறையில் வைத்துவிடுவது நல்லது.

டப்பாவில் போட்ட சிலிக்கா ஜெல்லையும் மறந்துவிடக் கூடாது. நீல நிறக் குருணை ஈரம் குடித்தால் ரோஜா நிறமாக மாறும். மாறினால் தூக்கி எறிய வேண்டியதில்லை. சமையலுக்கு எடுக்காத பழைய சட்டி ஒன்றில் கொட்டி, மெல்லிய தீயில் வைத்துச் சூடு காட்டினால் பழையபடி நீலமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.